பிள்ளைகளோடு சிட்னிக்குப் போகிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய மாநிலச் சட்டங்கள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருந்து இந்த மாதக் கடைசியில் ஒரு குடும்பம் சிட்னிக்குப் புறப்படுகிறது. மகனுக்கு 7 வயது, மகளுக்கு 3 வயது. போன ஞாயிறு பின்னேரம் கணவனும் மனைவியும் என் வீட்டு விறாந்தையில் வந்திருந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் அந்தத் தங்கை கேட்ட முதற் கேள்வி, "அன்ரி, அங்கே பிள்ளைக்கு அடித்தால் அரசாங்கம் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுமாமே, உண்மையா?" என்பதுதான். மேற்கு சிட்னியில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் 14 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால் இதே கேள்வியை வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை, அண்மையில் போய் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியாவில் விசா, மெடிகெயர் என்ற மருத்துவக் காப்புறுதி, சென்ரர்லிங்க் என்ற நலக் கொடுப்பனவுச் சேவை ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. சிறுவர் பாதுகாப்போ ஒவ்வொரு மாநிலமும் தனக்கென இயற்றிக்கொண்ட சட்டத்தின் கீழ் வருகிறது. நியூ சவுத் வேல்ஸில் அது 1998ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளையோர் பராமரிப்பு, பாதுகாப்புச் சட்டம்; விக்டோரியாவில் 2005ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர், குடும்பங்கள் சட்டம். ஆகவே மெல்பேணில் இருக்கும் மச்சான் சொல்லும் விதி சிட்னிக்குப் பொருந்தாமல் போகலாம். நான் வாழ்ந்தது சிட்னியில் என்பதால் பெரும்பாலும் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தையே இங்கே சொல்கிறேன். (இப்படியான சட்டம் எங்கள் நாட்டில் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை உருவாக்கிய 50ஆம் இலக்கச் சட்டமும் அதே 1998இல்தான் வந்தது. அதன் சிறுவர் உதவித் தொலைபேசியான 1929 என்ற இலக்கத்தை யாழ்ப்பாணத்தில் இருந்தும் அழைக்கலாம். அழைக்க எங்கள் ஆட்கள் கூசுகிறார்கள் என்பதுதான் குறை.)

இனி அடிக்கு வருகிறேன். "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பூவரசந் தடியைக் கூரை வளையில் செருகிவைத்திருந்த வீடுகளில் பிறந்தவர்கள். நியூ சவுத் வேல்ஸின் 1900ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் 61ஏஏ என்றொரு பிரிவு உண்டு. பெற்றோர் பிள்ளையைத் திருத்துவதற்காகக் கை வைத்தது நியாயமான அளவுக்குள் இருந்தால், தாக்குதல் வழக்கில் அதை எதிர்வாதமாக முன்வைக்கலாம் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. ஆனால் அற்பமான தொடுகை என்று கருதத்தக்கதைத் தவிர, தலையிலோ கழுத்திலோ படும் எந்த அடிக்கும் அந்த எதிர்வாதம் கிடையாது; சிறிது நேரத்துக்கு மேல் நீடிக்கக்கூடிய பாதிப்பை உண்டாக்கும் அடிக்கும் கிடையாது. அப்படிப் பார்த்தால் கன்னத்தில் அறைவதும், நோகக் குட்டுவதும், காதைத் திருகுவதும், தடியால் வரி விழ அடிப்பதும் சட்டம் விட்டுவைத்த அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கமாட்டா. எஞ்சியிருப்பதையும் அனுமதி என்று வாசிக்கவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். எதிர்வாதம் என்பது நீதிமன்றப் படி ஏறிய பிறகு வழக்கறிஞர் பேசும் பேச்சு; அந்தப் படியில் ஒருமுறை ஏறிய குடும்பத்தின் நிம்மதி எதிர்வாதம் வென்றாலும் திரும்புவதில்லை. பாடசாலைகளிலோ, அரசினதோ தனியாரதோ, உடல் தண்டனை முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. "நாலு போடு போடுங்கோ ரீச்சர்" என்று வகுப்பாசிரியரிடம் பகிடிக்கும் சொல்லிவிடாதீர்கள்.

பகிடியாகச் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நானே சாட்சி. எங்கள் நிலையத்தில் 4 வயதுப் பிள்ளை ஒன்று பொம்மைக்குச் சட்டை மாற்றிக்கொண்டே, "குழப்படி செய்தால் அகப்பைக் காம்பு வரும்" என்று அதற்குத் தமிழில் புத்தி சொன்னாள். அறையில் தமிழ் விளங்கியவள் நான் ஒருத்திதான். சிறுவர் பராமரிப்பாளர், ஆசிரியர், வைத்தியர், தாதியர், பொலிஸார் ஆகியோர், பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகித்தால், அங்கே சட்டப்படி அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டியவர்கள். 2020 முதல் சமயப் பணியில் இருப்போரும் உளவியலாளரும் அந்த வரிசையில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே கேட்டதைக் கேட்காதவள்போல் நான் இருக்க முடியாது. பிள்ளை சொன்ன வசனத்தைத் திகதி, நேரத்துடன் அப்படியே எழுதிவைத்தேன். உடலில் காயமோ தழும்போ இல்லை, தாயைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள் என்பதையும் எழுதினேன். பிறகு பொறுப்பாளருடன் இருந்து, கட்டாய அறிவிப்பாளர்களுக்கென இணையத்தில் வைத்திருக்கும் வழிகாட்டியின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்தோம். அறிவிக்கத் தேவையில்லை, பதிவு செய்து குடும்பத்துடன் தொடர்ந்து பேசுங்கள் என்றே முடிவு வந்தது. அடுத்த நாள் தாயிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அழுதார்; பிறகு சிரித்தார்; அந்த அகப்பை தன் மாமியார் இணுவிலில் இருந்து கொண்டுவந்தது என்றார்.

பிள்ளைக்குக் கணிசமான தீங்கு நேரும் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகச் சந்தேகிக்க இடமிருந்தால் மட்டுமே அறிவிக்கும் கடமை எழுகிறது. அறிவித்தல் மாநில அரசின் சிறுவர் பாதுகாப்பு உதவித் தொலைபேசியான 132 111 என்ற இலக்கத்துக்குப் போகும். அங்கே தராதரம் பார்க்கிறார்கள். எல்லா அழைப்புக்கும் வீட்டுக்கு அலுவலர் வருவதில்லை. வந்தால் கதவை அடைக்காதீர்கள், கத்தாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 131 450 என்ற இலக்கத்தில் அந்தச் சேவை இருக்கிறது. அலுவலர்களே ஒழுங்கு செய்வார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது மிகப் பெரிய பிழை. விளங்காத தாளில் கையெழுத்திடாமல், சட்ட உதவி நிலையத்தில் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பிள்ளையைப் பிரிப்பதுதான் அவர்களின் முதல் வேலை என்ற கதை சரியில்லை: பாதுகாப்புக்குத் தேவையான மிகக் குறைந்த தலையீட்டையே செய்யவேண்டும் என்று அந்த 1998ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது; அவசரமாகப் பிரித்தாலும் விடயம் சில நாட்களுக்குள் சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அறிவித்தவர் யார் என்பதைச் சட்டம் மறைத்துக் காக்கிறது. அது பக்கத்து வீட்டுக்காரியா, பாட்டு ரீச்சரா என்று துப்புத் துலக்குவதில் மாதக்கணக்கைத் தொலைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அலுவலர் கேட்ட நான்கு விடயங்களைத் திருத்தியிருந்தால் கோப்பு எப்போதோ மூடப்பட்டிருக்கும்.

கணவன் மனைவி சண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை எங்கள் ஆட்கள் பிள்ளைகள் விடயமாக எண்ணுவதேயில்லை. பிள்ளையின் மேல் ஒரு விரல்கூடப் படாவிட்டாலும், வீட்டில் நடக்கும் வன்முறையினால் பிள்ளைக்கு உடலிலோ மனதிலோ பாரதூரமான தீங்கு ஏற்படும் நிலை இருந்தால், அந்தப் பிள்ளை ஆபத்தில் இருப்பதாகவே சட்டம் கொள்கிறது. பிள்ளைகள் நித்திரை என்று நினைத்துக்கொண்டு நாம் போடும் சண்டையை அவர்கள் மறுநாள் காலையில் எங்களிடம் வந்து நடித்துக் காட்டுவார்கள்.

பிள்ளையைத் தனியே விடுதல் என்பது எங்களவர்களை அறியாமலே சறுக்கவைக்கும் விடயம். கொக்குவிலில் ஒரு தாய் ஏழு வயது மகனை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பிள்ளை தனியே இருப்பதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருக்கிறார், படலையடியில் சைக்கிள் திருத்தும் அண்ணை இருக்கிறார், கிணற்றடியில் யாரோ குளிக்கிறார்கள். அதே தாய் சிட்னியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் அதையே செய்தால், வீட்டில் பிள்ளையும் பூட்டிய கதவும் மட்டுமே இருக்கும். நியூ சவுத் வேல்ஸில் இத்தனை வயதுக்குப் பிறகு தனியே விடலாம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. வயது, முதிர்ச்சி, நேரம், ஏற்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். குயீன்ஸ்லாந்தில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நியாயமற்ற நேரத்துக்குத் தகுந்த ஏற்பாடின்றி விட்டுச் சென்றால் 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

நானும் சறுக்கியவள்தான். போன புதிதில் வென்ற்வேர்த்வில்லில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் காரை நிறுத்தினேன். மகள் பின் இருக்கையில் நித்திரை. கறிவேப்பிலையும் ஒரு பக்கற் அரிசிமாவும் எடுக்க ஐந்து நிமிடம் போதும் என்று கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு உள்ளே போனேன். காசு கொடுக்கும் இடத்தில் வரிசை நீண்டது. வெளியே வந்தபோது முன்பின் தெரியாத ஒரு வயோதிபப் பெண் தன் தொப்பியைக் கண்ணாடிக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் தொலைபேசியுடன் நின்றார். மகளின் தலைமயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. "இன்னும் ஒரு நிமிடம் நீ வராவிட்டால் அழைத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். பிள்ளைக்கு மனக்கலக்கமோ உடல்நலக் கேடோ ஏற்படக்கூடிய விதத்தில் காரில் தனியே விடுவது அங்கே குற்றம் என்பதை அன்றிரவுதான் வாசித்தேன்.

காரைச் சொன்னதால் இருக்கையையும் சொல்லிவிடுகிறேன். 6 மாதம் வரை பின்னோக்கிய இருக்கை. 4 வயது வரை பின்னோக்கியோ முன்னோக்கியோ, ஆனால் உள்பட்டி பூட்டிய இருக்கை. 7 வயது வரை முன்னோக்கிய இருக்கை அல்லது பூஸ்ரர் எனப்படும், பிள்ளையை உயர்த்தி வைக்கும் இருக்கை. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளை, பின் வரிசை உள்ள காரில் முன்னால் இருக்கக்கூடாது. மடியில் வைத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. டுபாயில் இருக்கும் சித்தப்பா வாங்கித் தந்த விலையுயர்ந்த இருக்கையைப் பொதிசெய்து கொண்டுபோகாதீர்கள், ஏ.எஸ்./என்.இஸட்.எஸ். 1754 என்ற அவுஸ்திரேலிய, நியூசிலாந்துத் தர முத்திரை இல்லாத இருக்கை அங்கே சட்டப்படி செல்லாது.

நீச்சல் தடாகம் உள்ள வாடகை வீடு கிடைத்தால் பிள்ளைகள் துள்ளுவார்கள். குறைந்தது 1.2 மீற்றர் உயர வேலியும் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும் கதவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 30 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் கொள்ளும் காற்றடிக்கும் பிளாஸ்ரிக் தொட்டிக்கும் அதே வேலி வேண்டும். கட்டு இல்லாத தோட்டக் கிணறுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு இதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் உதவப் போகிறவர்களும், வீட்டில் கணித வகுப்போ வீணை வகுப்போ தொடங்க நினைப்பவர்களும், சிறுவருடன் பணிபுரிவதற்கான அனுமதிச் சோதனையை முதலில் எடுக்கவேண்டும். தொண்டர்களுக்கு இலவசம், 5 ஆண்டுகள் செல்லும். "ஊரிலே இருபது வருடம் படிப்பித்த எங்களையே சந்தேகிக்கிறார்களா?" என்று கோபித்த ஓர் ஆசிரியரை அறிவேன். நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் துஷ்பிரயோகத்தை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணைக்குழுவின் முன் தேவாலயங்கள், விடுதிகள், விளையாட்டுக் கழகங்கள் என்று எத்தனையோ நிறுவனங்களில் மதிப்புக்குரியவர்களாக இருந்தவர்களின் கைகளில் சீரழிந்த பிள்ளைகள் வளர்ந்தவர்களாக வந்து சாட்சி சொன்னார்கள். அதைக் கேட்ட நாடு யாரையும் முகத்தைப் பார்த்து நம்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்தது இன்னுமொன்று, எழுதவே மனம் கனக்கிறது. உறவினர் ஒருவர் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று தெரிந்தால், "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், நாங்களே பேசித் தீர்ப்போம்" என்பதே எங்கள் வழக்கம். நியூ சவுத் வேல்ஸில் 2018இல் இருந்து, சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி அறிந்த வயதுவந்த எவரும், தொழில் எதுவாக இருந்தாலும், தகுந்த காரணமின்றிப் பொலிஸாருக்குத் தெரிவிக்காமல் இருப்பது சிறைக்குரிய குற்றம். விக்டோரியாவில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கெதிரான பாலியல் குற்றங்களுக்கு 2014இல் இருந்தே இப்படியொரு சட்டம் இருக்கிறது. மூத்தவர்கள் கூடிப் பேசி மூடிவிட்டால், கூடிய மூத்தவர்களும் குற்றவாளிகள்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். 25 நாள் திருவிழா அங்கே பாடசாலைத் தவணைக்குள் விழுகிறது. 6 வயதில் இருந்து 17 வயது வரை பாடசாலை கட்டாயம் என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அதிபருக்கு விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி பெறவேண்டும். தேரும் தீர்த்தமும் பார்த்தால் போதாதா என்றேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

கடைசியாகத் தடுப்பூசி. நியூ சவுத் வேல்ஸில் முன்பள்ளியிலோ பராமரிப்பு நிலையத்திலோ சேர்க்க, வயதுக்குரிய ஊசிகள் போடப்பட்டதற்கான, அல்லது விடுபட்டவற்றைப் போட அங்கீகரிக்கப்பட்ட அட்டவணையில் பிள்ளை இருப்பதற்கான பதிவு வேண்டும். இங்கே இலவசமாகப் போடாத கொப்பளிப்பான் ஊசி போன்றவற்றை அங்கே வைத்தியர் சேர்த்துப் போடுவார். அதற்கு அடிப்படை, பிறந்த நாளில் இருந்து குடும்பநல உத்தியோகத்தர் எழுதிவந்த கிளினிக் கொப்பிதான். அதைக் கைப்பையில் வைக்கச் சொன்னேன். தங்கை ஓடிப்போய் எடுத்துவந்தார். மகனுடையது முழுமையாக இருந்தது. மகளுடையதில் 3 வயதுக்குரிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. விமானம் 27ஆம் திகதி, கிளினிக் புதன்கிழமை. எட்டு மணிக்கே போய் நிற்கச் சொல்லி அனுப்பினேன்.