மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி – வேற பேர் பாக்கலாமா

> பெட்ரோல் துகள் வடிகட்டின்னே வச்சிடலாமே, நேரா புரியுதே.

ஐயா, இங்கிலீஷ்ல 'கேசலின் பர்ட்டிகுலேட் ஃபில்டர்'ங்கறதுக்குத் தமிழ்ப் பேர் தேடறோம், இந்தப் பேர் நேரா புரியலைங்கறதுதான் என் கவலையே. இதை ஒரு மெக்கானிக்கிட்ட சொல்லிப் பாருங்க, டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோல்ல தூசி வடிக்கிற ஃபில்டரைத்தான் எடுத்துக் கையில குடுப்பாரு. நாம சொல்றது சைலன்சர் லைன்ல இருக்கறது, எரிஞ்சு வெளிய வர்ற புகையில இருந்து கரியைப் பிடிக்கறது.

பெட்ரோல் வண்டியில ஏது கரின்னு கேட்டா, பழைய இன்ஜின்ல கம்மிதான், இப்ப வர்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சறதால காத்தோட சரியா கலக்க நேரம் பத்தறதில்ல, பிஸ்டன் தலையில கொஞ்சம் ஈரமா படிஞ்சு அரைகுறையா எரிஞ்சு கரியாகுது. அதனாலதான் ஐரோப்பாவுல இந்த வண்டிங்க கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகளுக்கு மேல விடக்கூடாதுன்னு 2017 செப்டம்பர்ல புது மாடலுக்கும் அடுத்த வருஷம் விக்கிற எல்லா புது காருக்கும் கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க.

'சல்லடை'ன்னு ஒருத்தர் சொன்னாரே, அது இதைவிட மோசம். உள்ள இருக்கறது தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி குழாய். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைச்சிருக்கும், பக்கத்து குழாய்க்கு நேர்மாறு. உள்ள போன புகை சுவத்துக்குள்ள பூந்துதான் வெளிய வரணும், வேற வழியே கிடையாது. அந்த சுவத்து ஓட்டை 10, 20 மைக்ரான் இருக்கும், கரித்துகள் பெரும்பாலும் 0.1 மைக்ரான்கூட தேறாது. ஓட்டை பெருசு துகள் சிறுசு, ஆனாலும் மாட்டிக்குது! அவ்ளோ சின்னது நேர்க்கோட்டுல போகாது, வாயு மூலக்கூறுங்க இடிச்சு இடிச்சு தள்ளாடிப் போய் சுவத்துல ஒட்டிக்கும், வெறகடுப்பு சமையக்கட்டுல ஒட்டடை படியற மாதிரி. சல்லடை அளவு பாத்துல்ல நிறுத்தும்?

அதனால என் ஓட்டு 'கரிப்பொறி', எலிப்பொறி மாதிரி. டீசல் வண்டிக்கு டீசல் கரிப்பொறி. தீப்பொறியும் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு, பிடிச்ச கரி அங்கயேதானே எரியுது.

> கறி பொரியல்னு காதுல விழுது தம்பி :) எரியறதுக்கு மீளுருவாக்கம்னு போடலாமா?

சிரிச்சுட்டேன் ஐயா, வல்லின றி எங்க வருதுன்னு பாத்துப் படிக்கணும், அவ்ளோதான். இங்கிலீஷ்ல 'ரீஜெனரேஷன்'னு சொல்றாங்கன்னு மீளுருவாக்கம் வேண்டாமே, அங்க எதுவும் புதுசா உருவாகல. கரி எரிய 600 டிகிரி செல்சியஸ் கிட்ட சூடு வேணும், பெட்ரோல் வண்டி நல்லா ஓடினா அது வந்துடும், புகையில ஆக்சிஜன்தான் இருக்காது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெட்ரோல் நின்னு வெறும் காத்து போகுமில்ல, அப்ப பத்திக்கும். 'கரி எரிப்பு' போதும். இன்ஜின் ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் மட்டும் எரியாம உள்ளயே தங்கிடும், அதுக்கு 'சாம்பல் அடைசல்'னு எழுதி வச்சிருக்கேன், அதைவிட நல்லா இருந்தா சொல்லுங்க.