என் பராமரிப்புக் கோப்பை வாசிக்கும் முன்பு: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். தந்தையின் அடி தாங்காமல் 9 வயதில் வீட்டை விட்டு ஓடி, 18 வயது வரை மூன்று வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தவள் நான்.

கடைசி வீட்டில் முதல் ஓராண்டு முழுவதும், எந்த நேரமும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்ற நினைப்பில், துணிப்பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். வளர்ப்புத் தாய் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், துவைத்த துணிகளை மடித்து அந்தப் பையின் மேலேயே வைத்துவிட்டுப் போவார்.

ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 25ஆவது பிரிவு, அதிகாரிகளால் இவ்வாறு பிறர் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்ட குழந்தையின் நிலையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. என்னைப் பற்றி அப்படி எழுதப்பட்ட குறிப்புகள் அடங்கிய கோப்பைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டு வாரமாக உறையைப் பிரிக்கத் துணிவு வரவில்லை. தந்தையின் வாக்குமூலமும் அதில் இருக்கக்கூடும் என்பதே என் அச்சம்.

தங்கள் கோப்பை வாசித்தவர்கள் இங்கே இருந்தால், தனியாக வாசித்தீர்களா, மனநல ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டா என்று சொல்லுங்கள். பிறர் பெயர்களை மறைக்கக் கருமை பூசப்பட்ட பகுதிகளுக்கு விளக்கம் கேட்க முடிந்ததா? கோப்பு வந்திருப்பதை வளர்ப்புத் தாயிடம் எப்படிச் சொல்வது? நான் அவரைச் சந்தேகிப்பதாக அவர் எண்ணிவிடக் கூடாது. ஆறுதல் வார்த்தைகளைவிட, நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுதினால் எனக்கு அதிகம் உதவும்.