ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகுமா?

மதுரை அத்தை: (ஃபார்வர்டு) "ஞாயிறு இந்தியா முழுக்க இருட்டு! 2012 மாதிரி கிரிட் விழப்போகிறது! தண்ணீர் பிடித்து வையுங்கள்!!" அண்ணே இது நிஜமா? அன்றைக்குத்தானே வளைகாப்பு

கோவை சித்தி: ஐயோ. ஏசி ஹாலாச்சே

அண்ணன்: ஜெனரேட்டர் சொல்லிவிடவா

பெரியப்பா: கிரிட் என்பது எல்லா ஊர் மின்லைன்களும் சேர்ந்த வலை. அது விழும் நாளை முன்கூட்டியே குறித்துச் சொல்ல யாராலும் முடியாது, தயவுசெய்து இதை வேறு குரூப்புக்கு அனுப்பாதீர்கள். 2012 ஜூலை 30 ராத்திரி 2:33க்கு மத்தியப் பிரதேசத்தில் பினா–குவாலியர் 400 கேவி லைன் ட்ரிப் ஆனது (தானாக அணைந்துவிட்டது), அதன் லோடு பக்கத்து லைன்கள் மேல் ஏறி அவையும் வரிசையாக விட்டுவிட்டன, வட இந்தியா மொத்தமும் போனது. மறுநாள் மதியம் திரும்பவும், கிழக்கும் வடகிழக்கும் சேர்த்து, 60 கோடிப் பேருக்கு மேல். தெற்கு அப்போது டிசி (நேர்மின்) லைன் வழியாக மட்டும் சேர்ந்திருந்ததால் அந்தத் தடுமாற்றம் இங்கே பரவாமல் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்து எல்லாம் ஒரே கிரிட் ஆனது.

டெல்லி அக்கா: மறுநாள் மதியம் நான் மெட்ரோவில் இருந்தேன் பெரியப்பா. பாதி வழியில் இறக்கிவிட்டார்கள், வெயிலில் வீடு வரை நடை

மதுரை அத்தை: பெரியவன் கல்யாணத்தில் தாலி கட்டும்போது போனதே

கோவை சித்தி: அந்த ஜெனரேட்டர் வாடகை இன்னும் எங்கள் கணக்கில்தான் இருக்கிறது அண்ணி

மதுரை அத்தை: அது இப்போது எதற்கு

தம்பி: ஒரே கிரிட் என்றால் குஜராத்தில் போனால் இங்கேயும் போகுமா?

பெரியப்பா: நல்ல கேள்வி. போகலாம், அதைத் தடுக்கத்தான் பெரிய சப்ஸ்டேஷன்களில் பிஎம்யு என்ற அளவுக்கருவி வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்காடா கண்காணிப்பு முறையில் சில விநாடிக்கு ஒரு ரீடிங், இதில் விநாடிக்கு 25, ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் நேரம் இருக்கும். இரண்டு ஊருக்கு நடுவே வோல்டேஜ் ஆங்கிள் (இரண்டு இடத்து மின்னலைகளின் முன்பின் வித்தியாசம்) விரிந்துகொண்டே போனால் லைன் திணறுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். தெரிந்தால் மட்டும் போதாது, உடனே கை வைக்க வேண்டும். ஒடிசா தால்ச்சேரிலிருந்து கர்நாடகா கோலார் வரும் டிசி லைன் ட்ரிப் ஆனால் சிக்னல் பாய்ந்து தெற்கில் குறித்து வைத்த ஃபீடர்கள் (ஏரியாக்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன்கள்) தானாகவே கட் ஆகும். போன் எடுத்துப் பேச நேரமே இருக்காது. கன்ட்ரோல் ரூமில் என் ஷிஃப்டில் ஒரு ராத்திரி, 50ல் நிற்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 49ஐ நோக்கி இறங்கியபோது ரிசீவர் என் கையிலேயே வியர்த்துப்போனது, இன்னும் மறக்கவில்லை. அப்படி கட் ஆகும் ஃபீடரில் நம் மண்டபமும் இருக்கலாம். அரை மணி நேரம் போனால் யாரையும் திட்டாதீர்கள், நாடு முழுக்கப் போகாமல் இருக்கத்தான் அதை எடுத்திருப்பார்கள்.

கொழும்பு மாமா: இங்கே 2025 பெப்ரவரி 9, பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு. நாடு முழுக்க இருட்டு. அதுவும் ஞாயிறுதான்

தம்பி: குரங்கா 😂

மதுரை அத்தை: எங்கள் மொட்டை மாடியிலும் வருகிறது, வடகம் காயப்போட முடியவில்லை

அண்ணன்: பெரியப்பா, அப்போ ஜெனரேட்டர் வேண்டும்தானே

பெரியப்பா: வேண்டும். டீசலை நீயே திறந்து பார்

கோவை சித்தி: வாடகை யார்?

அண்ணி: சமையல்காரர் லைனில் இருக்கிறார், சாதம் ஐந்து வகையா ஏழா

டெல்லி அக்கா: ஏழு

கோவை சித்தி: ஐந்து போதும்

அண்ணன்: ஜெனரேட்டருக்கு ஆயிரம் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். மீதி பேசிக்கொள்ளலாம்