கேம்பரை இழுத்துக்கொண்டு மில்லியன் டாலர் ஹைவேயில் போகலாமா, சுற்றிப் போகலாமா?

சாலைச்சாரல்:
வணக்கம் நண்பர்களே. கொலராடோவில், டென்வர் பக்கத்தில் அரோராவில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசி வாரம், ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும் நேரத்தில், டுராங்கோ ஊரும் மேசா வெர்டே தேசியப் பூங்காவும் பார்க்கத் திட்டம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நான், மனைவி, பையன் என்று மொத்தம் ஐந்து பேர். வண்டி ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக், 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ எஞ்சின். பின்னால் 25 அடி கேம்பர், அதாவது இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி. சாமான் ஏற்றினால் 6,000 பவுண்டு வரும். இரண்டும் சேர்ந்தால் நீளம் ஏறக்குறைய 45 அடி.

வழிதான் குழப்பம். யு.எஸ். 285இல் தெற்கே இறங்கி, உல்ஃப் கிரீக் கணவாய் ஏறி டுராங்கோ போவது ஒன்று. மோன்ட்ரோஸ், யூரே, சில்வர்டன் வழியாக யு.எஸ். 550, அதாவது மில்லியன் டாலர் ஹைவே, இன்னொன்று. டெல்லுரைடு பக்கமாகப் போகும் கொலராடோ 145 மூன்றாவது. போவது ஒரு வழி, வருவது ஒரு வழி என்றும் வைத்துக்கொள்ளலாம். அம்மா ஏற்காடு மலைப்பாதையிலேயே கண்ணை மூடிக்கொள்பவர். அப்பாவுக்கோ 550ஐப் பார்த்தே ஆக வேண்டுமாம். யூடியூப் செய்த வேலை.

கேம்பரோடு 550இல் போகலாமா?

மலைக்காகம்:
தாராளமாகப் போகலாம். அது ஒன்றும் காட்டுப்பாதை இல்லை, தார் போட்ட யு.எஸ். நெடுஞ்சாலை. லாரிகளும் பெரிய மோட்டார் ஹோம்களும் போகின்றன.

ஒரே ஒரு விஷயம், திசை. யூரேயிலிருந்து சில்வர்டனுக்குத் தெற்கு நோக்கிப் போனால் நீங்கள் இருக்கும் லேன் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும். அங்கே பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. குளிர்காலத்தில் பனியைத் தள்ளிவிட விளிம்பு திறந்திருக்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். வடக்கு நோக்கி வந்தால் மலைச்சுவரை ஒட்டிய லேன் உங்களுடையது. எனவே போகும்போது உல்ஃப் கிரீக், திரும்பும்போது 550. அம்மாவை முன்னால் வலப்பக்கம் உட்கார வையுங்கள். அவர் பக்கத்தில் பாறைச்சுவர்தான் தெரியும்.

நிதானன்:
மலைக்காகம் பாதி விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். வடக்கு நோக்கி வந்தால் சுவர்ப் பக்கம், சரி. ஆனால் அந்தத் திசையில்தான் ரெட் மவுன்டன் கணவாயின் செங்குத்தான பக்கத்தை இறங்க வேண்டும். கணவாய் 11,018 அடி. யூரே ஊர் 7,800 அடிக்குச் சற்றுக் கீழே. அந்த மூவாயிரத்துச் சொச்சம் அடியை 12, 13 மைலுக்குள் இறங்கித் தீர்க்க வேண்டும். நடுவே வளைவுகளில் 10, 15 மைல் வேகப் பலகைகள். விளிம்பிலிருந்து தப்பித்து பிரேக் சூட்டில் மாட்டுகிறீர்கள், சூடேறினால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்று. டுராங்கோவிலிருந்து வந்தால் ரெட் மவுன்டனுக்கு முன்பே கோல் பேங்க் (10,640 அடி), மோலஸ் (10,910 அடி) என்று இரண்டு கணவாய்கள் ஏறி இறங்க வேண்டும். வண்டி ஏற்கெனவே உழைத்துக் களைத்த நேரத்தில்தான் மூன்றாவது வரும்.

என் யோசனை: கேம்பரை ஒரு முகாமில் நிறுத்திவிட்டு, வெறும் ட்ரக்கில் 550ஐப் போய்ப் பாருங்கள்.

கொல்லிமலையான்:
கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஓட்டினவன் நான். இதற்கெல்லாமா இத்தனை பேச்சு?

நிதானன்:
பின்னால் 25 அடி ட்ரெய்லர் கட்டியா ஓட்டினீர்கள்?

கொல்லிமலையான்:
இல்லை. இண்டிகா.

மலைக்காகம்:
:) 

நிதானன், கேம்பரை நிறுத்திவிட்டுப் போனால் அதை எடுக்கத் திரும்பி வந்தாக வேண்டுமே. அப்படியென்றால் 550இல் இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும், விளிம்புப் பக்கம் உட்பட. அந்த அம்மாவைப் பயத்திலிருந்து காப்பாற்றப் போய், இரண்டு மடங்கு பயத்தைத் தருகிறீர்கள். நான் சொல்வது ஒரே தடவை, ஒரே திசை, சுவரோரம். முடிந்தது.

நிதானன்:
ட்ரெய்லர் இல்லாத ட்ரக்குக்கு அந்த லேன் போதும். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நின்று ஓட்டலாம். ட்ரெய்லரோடு வளைவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இழுக்கும் வண்டியின் சக்கரம் போன தடத்தில் ட்ரெய்லர் சக்கரம் போகாது. வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வடக்கு நோக்கி வரும்போது வலது வளைவில் அது சுவரடியில் விழுந்து கிடக்கும் கற்கள் மேல் ஏறும். அதைத் தவிர்க்க ட்ரக்கை அகலமாக எடுத்தால், எதிரே வருகிறவர் லேனில் மூக்கை நீட்டுகிறீர்கள். எதிரே வருகிறவருக்கு ஒதுங்க இடம் எங்கே? அவர்தான் விளிம்பில் இருக்கிறாரே. உங்கள் அம்மாவுக்கு நிம்மதி, எதிரே வருகிறவர் அம்மாவுக்கு?

காட்சிக்காகத்தானே இந்த வழி? பேர் கிரீக் அருவிக்கு மேலே சாலை ஒரு பாலத்தில் போகும். 1880களில் ஓட்டோ மியர்ஸ் இந்தப் பாதையைச் சுங்கச்சாலையாகப் போட்டபோது வசூல் சாவடி இருந்த இடம். யூரேயிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஓரத்தில் சில கார்கள் நிற்கலாம், அவ்வளவே. 45 அடி வண்டியை அங்கே எப்படி நிறுத்துவீர்கள்? அப்பா ஆசைப்பட்டது ஜன்னல் வழியே நொடிப்பொழுதில் ஓடிப்போகும். ஓட்டுகிற நீங்களோ பக்கக் கண்ணாடியையும் சாலைக் கோட்டையும் தவிர வேறெதையும் பார்க்க மாட்டீர்கள். நிறுத்த முடியாத இடத்தில் காட்சி எதற்கு?

மலைக்காகம்:
எல்லா இடத்திலும் நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐடராடோ சுரங்கத்தின் பக்கம் நிறுத்திப் பார்க்க இடம் இருக்கிறது. சிவந்த மலைகள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். மோலஸ் கணவாயிலும் நிறுத்தலாம். காலை எட்டு மணிக்கு சில்வர்டனைத் தாண்டிவிட்டால் எதிரே அவ்வளவாக யாரும் வர மாட்டார்கள்.

பாரவண்டி:
வட கரோலினாவில் லாரி ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், கொலராடோவிலும் சரக்கு ஏற்றி வந்திருக்கிறேன். தம்பி சாலைச்சாரல், ஏறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல் பலம் இழக்கும், 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உங்களுடையது டர்போ, பெரிதாகத் தெரியாது.

இறக்கம்தான் விஷயம். உச்சியில், சாலை கீழே சாயும் முன்பே, டோ/ஹால் (சுமை இழுக்கும்போது போடும் கியர் முறை) போட்டு இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். சாய்ந்த பிறகு கியர் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவதுதான் ஆபத்து. வேகம் கூடினால் நன்றாக ஓர் அழுத்து, ஐந்து மைல் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள், காற்றுப்பட்டு ஆறட்டும். ட்ரக்குக்குள் இருக்கும் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை முகாமிலேயே சோதித்துப் பாருங்கள்: மெதுவாக நகர்ந்துகொண்டு கையால் அதன் நெம்புகோலை மட்டும் அழுத்தினால், ட்ரெய்லர் ட்ரக்கைப் பின்னால் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் மலைப்பேச்சே வேண்டாம்.

ரெட் மவுன்டனில் ஒரு வசதி. உச்சியிலிருந்து வடக்கே கொண்டை ஊசிகளில் இறங்கியதும் அயர்ன்டன் என்ற சமதளம் வரும். அங்கே ஒதுங்கி இறங்கி, ட்ரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். அனல் அடித்தால் அரை மணி நேரம் டீ போட்டுக் குடியுங்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கிடுகிடு பள்ளத்தாக்கு.

நிதானன்:
பாரவண்டி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அதை அவர் செய்வார். சாலைச்சாரல் செய்வாரா என்பதுதான் என் கேள்வி. பின்னால் ஏழெட்டு கார்கள் ஒட்டிக்கொண்டு வரும், முன்னால் போகிறவர் மஞ்சள் மரத்தைப் பார்த்ததும் போட்டோ எடுக்கத் திடீரென்று நிறுத்துவார். ஆஸ்பென் வாரத்தில் கூட்டம் அப்படித்தான்.

எடையையும் யாரும் கேட்கவில்லை. 6,000 பவுண்டு கேம்பர் என்றால் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் 10 முதல் 15 சதவீதம் விழும், 750 என்று வையுங்கள். ஐந்து பேர் 700. கூலர், ஜெனரேட்டர், மாமியார் பெட்டி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைத்தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். எத்தனையோ எஃப்-150களில் அது 1,500 பக்கம்தான். இழுக்கும் திறன் 11,000 என்று விளம்பரத்தில் போட்டதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சாலைச்சாரல்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். 1,640. கேம்பரின் தண்ணீர்த் தொட்டி 50 கேலன், அதை நிரப்பிக்கொண்டு போவதாக இருந்தேன்.

பாரவண்டி:
50 கேலன் என்றால் 400 பவுண்டுக்கு மேல். மலையேறும் நாளில் காலியாக ஓட்டுங்கள். முகாமில் பிடித்துக்கொள்ளலாம்.

அனிமாஸ்_கரை:
டுராங்கோவில் குடியிருக்கிறேன். மூன்றாவது வழியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கேம்பரோடு வருகிறவர்களுக்கு 145 நல்ல வழி. லிஸர்ட் ஹெட் கணவாய் 10,222 அடி, ஏற்ற இறக்கம் சீராக இருக்கும். ட்ரவுட் ஏரி சாலையிலிருந்தே தெரியும். டொலோரஸ் ஆற்றை ஒட்டி ரிக்கோ வழியாக இறங்கிக் கோர்ட்டெஸ் பக்கம் வந்தால் மேசா வெர்டே பக்கத்திலேயே. ஆஸ்பென் அங்கேயும் கொட்டிக் கிடக்கும். 550, 160, 145, 62 நான்கும் சேர்ந்த 236 மைல் வட்டத்துக்கு சான் வான் ஸ்கைவே என்று பெயர். அதில் முரட்டுத்தனமான துண்டு யூரேயிலிருந்து சில்வர்டன் வரை 25 மைல்தான். மற்றதையெல்லாம் கேம்பரோடு சுற்றலாம்.

மேசா வெர்டேயில் மோர்ஃபீல்டு முகாமுக்கு மேல் ட்ரெய்லர் கொண்டுபோகத் தடை. அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அம்மாவுக்கு: டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு 1882 முதல் ஓடும் குறுகிய தண்டவாள ரயில் இருக்கிறது, 45 மைல். ரயில் போவது ஆற்றுப் பள்ளத்தாக்கில், சாலை போவது வேறு பக்கம் மலை மேல். ஓரிடத்தில் ரயிலும் பள்ளத்தைப் பார்த்தபடி போகும், அந்த நேரம் மட்டும் அவரை மலைப்பக்க இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பென் வாரத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீரும்.

மலைக்காகம்:
145 அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 550க்கு அது ஈடு ஆகாது. அப்பா அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறார். “பயமாக இருந்தது, அதனால் பக்கத்து வழியில் போனோம்” என்று அவரிடம் சொல்வதா?

அனிமாஸ்_கரை:
ரெட் மவுன்டன் கணவாயில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1970, 1978, 1992 ஆகிய ஆண்டுகளில் பனிச்சரிவில் சிக்கி இறந்த பனி அள்ளும் வண்டி ஓட்டுநர்களுக்கு வைத்தது. அந்தச் சாலையை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்கள் அவர்கள். நீங்கள் வருவது பனிக்காலம் இல்லை, அதனால் பயமுறுத்தவில்லை. ஆனால் செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் திடீரென்று பனி கொட்டுவது இங்கே அதிசயம் இல்லை. 550ஐக் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளாமல் வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மலைக்காகம்:
வானிலை பார்த்துத்தான் போக வேண்டும், அதில் வாதமே இல்லை.

சாலைச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி இப்படி வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து, 285இல் போய் உல்ஃப் கிரீக் இறங்கி, டுராங்கோ பக்கம் முகாம். அம்மா, மனைவி, பையன் மூவரும் ரயிலில் சில்வர்டன். அதே நாள் நானும் அப்பாவும் கேம்பரை விட்டுவிட்டு ட்ரக்கில் யூரே வரை போய்த் திரும்புவோம். பிறகு மோர்ஃபீல்டில் தங்கல். வீடு திரும்ப 145, ரிட்ஜ்வே, மோன்ட்ரோஸ், யு.எஸ். 50.

அப்பா 550இல் திரும்பும்போது விளிம்புப் பக்கம் உட்காருவதற்கு இப்போதே இடம் பிடித்துவிட்டார்.

மலைக்காகம்:
நல்ல திட்டம், சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். யு.எஸ். 50இல் திரும்பினால் கேம்பரோடு மொனார்க் கணவாய் ஏறி இறங்க வேண்டும். அது 11,312 அடி, ரெட் மவுன்டனைவிட உயரம். உல்ஃப் கிரீக்கின் மேற்குப் பக்கமோ லாரிகள் பிரேக் போய் ஓடி ஏற இரண்டு மணல் சரிவுகள் போட்டு வைத்திருக்கும் அளவுக்கு இறக்கம். இரண்டையும் பற்றி நிதானன் வாயே திறக்கவில்லை. ரெட் மவுன்டன் என்றால் மட்டும் பிரேக் சூடாகுமா?

நிதானன்:
உயரம் ஆகாது என்று நான் எங்கே சொன்னேன்? மொனார்க்கிலும் உல்ஃப் கிரீக்கிலும் மெதுவாகப் போகிறவருக்குக் கூடுதல் லேன் இருக்கிறது, ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் போய்க்கொள் என்று விட்டுவிடலாம். பாரவண்டி அண்ணன் சொன்ன இரண்டாம் கியர் இந்த இரண்டு இடத்துக்கும் அப்படியே பொருந்தும். 550இல் அந்த இடம்தான் இல்லை என்கிறேன்.

மலைக்காகம்:
அயர்ன்டனில் இருக்கிறது.

பாரவண்டி:
இருக்கிறது. அதற்குக் கீழே இல்லை.

தம்பி, உல்ஃப் கிரீக் உச்சியில் நிறுத்தி ஹிட்ச் பின்னையும் சங்கிலியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்கள்.