ஐஸ்கிரீம் கேக் அடுக்க வழி சொல்லுங்க மக்களே

வர்ற ஞாயிறு பொண்ணுக்குப் பொறந்தநாள். கீழ சாக்லேட் ஸ்பாஞ்ச், நடுவுல வெனிலா, மேல மாம்பழம்னு ஐஸ்கிரீம் கேக் பண்ணப் போறேன். வீட்டுல ஒத்தக் கதவு ஃபிரிட்ஜ்தான், -18 டிகிரியெல்லாம் அதுக்கு எட்டாது. ஒரு அடுக்கு நல்லா இறுகினாத்தான் அடுத்ததை ஊத்த முடியும். இந்த மாதிரி ஃப்ரீசர்ல ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம் விடுறீங்க?

அதைவிடப் பெரிய கவலை, வியாசர்பாடியில இருந்து தண்டையார்பேட்டை அம்மா வீட்டுக்கு ஆட்டோல கொண்டு போகணும். ஐஸ்ல கல்லுப்பு கலந்தா பூஜ்யத்துக்கும் கீழ குளிரும், சரி. காசிமேட்டு ஐஸை உடைச்சு தெர்மாகோல் பெட்டியில போட்டுக்கலாம். ஆனா உப்புத்தண்ணி உள்ள இறங்காம கேக்கை எப்படிக் கட்டுறது? மீன் வாடை வந்துச்சுன்னா மாமியார் வருஷம் பூரா சொல்லிக்காட்டுவாங்க!

செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. அடி கழலுற கேக் டின் பாரிமுனையில எந்தப் பக்கம் கிடைக்கும்?