புதுப்பிப்பு: 36 வயதில் டைப் 1, மிச்சமிருக்கும் இன்சுலின் செல்களைக் காப்பாற்ற முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நான்தான். மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: டைப் 2 என்று மாத்திரை சாப்பிட்டும் சுகர் இறங்கவில்லை, 9 கிலோ மெலிந்துவிட்டேன், என்ன செய்வது? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘ஜிஏடி எதிர்ப்பொருள் (உடலே தன் இன்சுலின் செல்களைத் தாக்குவதன் அடையாளம்), சி-பெப்டைடு (கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) இரண்டும் ரத்தத்தில் பாருங்கள்’ என்ற யோசனைதான். ஈப்போவில் எடுத்தேன். எதிர்ப்பொருள் பாசிட்டிவ்; அதாவது டைப் 2 அல்ல, டைப் 1. சி-பெப்டைடு லிட்டருக்கு 310 பிகோமோல். அதாவது கணையம் இன்னும் கொஞ்சம் சுரக்கிறது. கணையத்தைத் தூண்டிச் சுரக்கவைக்கும் கிளிக்ளசைடு மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். திணறும் செல்களை அது மேலும் பிழியுமாம். அன்றே இன்சுலின்.

எதிர்பாராதது: ஐந்தாவது வாரம் செம்பனைக் காட்டில் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். சுகர் லிட்டருக்கு 3.4 மில்லிமோல், ரொம்பக் குறைவு. பையிலிருந்த மைலோதான் காப்பாற்றியது. குணமாகிவிட்டது என்று அம்மா அர்ச்சனையே செய்துவிட்டார்! இது ‘தேனிலவுக் காலம்’, இன்சுலின் தொடங்கியபின் மிச்சச் செல்கள் கொஞ்ச நாள் தேறிச் சுரக்கும், நிரந்தரமில்லை என்றார் டாக்டர். இன்சுலின் அளவு 22 யூனிட்டிலிருந்து 9க்குக் குறைந்தது; ஊசியை நிறுத்தவில்லை.

டெப்லிசுமாப் மருந்து பற்றிக் கேட்டவருக்கு: 2022-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது, நோய் முழுதாக வெளிப்படும் முன் அதைத் தள்ளிப்போட. நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். பாரிசிட்டினிப் மாத்திரை, 2023-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களிடம் 48 வாரம் சுரப்பைக் காத்தது. ஆனால் அதில் சேர்த்தது 10 முதல் 30 வயதுக்காரர்களை. எனக்கு வயது இடிக்கிறது.

பாகற்காய்ச் சாறும் குடித்தேன். கசந்தது, அவ்வளவுதான்.

அடுத்த சி-பெப்டைடு ஆறு மாதம் கழித்து. முடிவை இங்கேயே போடுகிறேன்.