'எழுதாமுதல்': ஒரு பரிந்துரை

> ஆங்கிலத்தின் privilege-க்குச் 'சிறப்புரிமை' நீளம். 'சலுகை' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம். சலுகை வேண்டாம். இடஒதுக்கீட்டில் படிக்க வந்த பிள்ளையின் தலையில் அந்தச் சொல்லை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறோம். 'சலுகையில் வந்தவன்' என்று யாரை, என்ன தொனியில் சொல்கிறார்கள் என்பது தெரிந்ததுதானே. நாம் பெயர் தேடுவது அதற்கு நேரெதிர்ப் பொருளுக்கு: பிறப்பால் கேட்காமலே கிடைத்துவிடும் அனுகூலத்துக்கு. சிறப்புரிமை என்றால் சட்டமன்றம் நினைவுக்கு வரும். அது தனக்கு இருப்பது உறுப்பினருக்குத் தெரியும். நமக்கு வேண்டியது, உடையவருக்கே தெரியாத ஒன்றின் பெயர்.

என் பரிந்துரை: எழுதாமுதல், அதாவது கணக்கில் எழுதாத முதல். வேதத்தைக் குறிக்கும் 'எழுதாக்கிளவி' (எழுதப்படாத சொல்) போன்ற அமைப்புதான்.

முதல், அதாவது தொழிலில் போடும் மூலதனம், எங்கள் வீட்டுச் சொல். நகரத்தார் (செட்டியார்) வீடு; ஊர் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். ஐயா (தாத்தா) காலத்தில் பர்மாவில் கடை. போர் அங்கே வந்த 1942-க்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் வளர்ந்தபோது வளவில் மழை ஒழுகும். இரண்டாம் கட்டுக் கதவுகளைக் கழற்றிக் காரைக்குடியில் விற்றுத்தான் அப்பச்சி (அப்பா) பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்கள். வசதியானவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பேரேட்டைப் புரட்டினால் எல்லாம் பற்றுதான்.

ஆனால் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பாத்திரம் தேய்க்க வந்த அம்மா பின்தெரு வாசலில்தான் வருவார். அவர் மகன் என்னோடு படித்தவன்; மார்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவன் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் இருவரும் வேலை தேடிச் சென்னைக்குப் போனோம். 'எந்தக் கோயில்?' என்று, அதாவது நகரத்தாரில் எந்தக் கோயில் பிரிவு என்று, கேட்ட ஒருவர், பிள்ளையார்பட்டி என்றதும் மூன்று மாதம் வாடகையில்லாமல் மாடியறையைக் கொடுத்தார். அவனிடமும் ஊரும் தெருவும் கேட்டார்கள். கேட்டபின் வீடு காலியில்லை என்றார்கள்.

அந்த மாடியறையை நான் எங்கும் வரவு வைக்கவில்லை. 'சொந்த உழைப்பில் வந்தேன்' என்று பல வருடம் சொல்லியிருக்கிறேன், மனதார நம்பித்தான். ஐந்தொகையில், அதாவது இருப்புநிலைக் கணக்கில், அந்த முதல் இல்லையே.

அமெரிக்காவின் ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் குறைந்த சம்பளத்தோடு ஊர் மரியாதை என்கிற மனக்கூலியும் கிடைத்தது என்று அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1935-இல் எழுதினார். கூலி வேலைக்குப் பின் வருவது. நாம் பேசுவது பிறக்கும்போதே கடையில் போட்டு வைத்திருப்பது. அதனால்தான் முதல் என்கிறேன்.

'பிறவிமுதல்' என்றும் யோசித்தேன். 'பிறந்ததிலிருந்து' என்று படித்துவிடுவார்கள். முதல் என்றாலே பணம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. ஆளைக் குறிக்க 'எழுதாமுதலர்' சரிவருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.